சத்தம் போடும் டிரையர்: காதால் கண்டுபிடித்து, கையால் சரிசெய்வது எப்படி

எங்கள் வீட்டு டிரையர் முதலில் போட்டது ஒரு மெல்லிய 'கிறீச்'. பட்டனை அழுத்தியதும் வரும், ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். துணிதான் காய்கிறதே என்று விட்டுவிட்டோம். இரண்டு மாதத்தில் அந்த ஐந்து நிமிடம் அரை மணி நேரமாயிற்று. பிறகு ஒரு நாள் ரப்பர் கருகும் வாடை. டிரம் நின்றுவிட்டது, மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தால், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு புல்லி தன் அச்சோடு இறுகிப்போயிருந்தது. சுற்றாத புல்லிமேல் வழுக்கி வழுக்கி பெல்ட் தேய்ந்து அறுந்திருந்தது. முதல் வாரமே கவனித்திருந்தால் புல்லியை மட்டும் மாற்றியிருந்தால் போதும்.

டிரையரை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். சத்தம் என்பது பெரும்பாலும் தேய்ந்துபோன ஒரு சின்ன உதிரிப்பாகம். அது எங்கே இருக்கிறது என்பதை அந்தச் சத்தமே சொல்லிவிடும். உதிரிப்பாகம் வாங்குவதற்கு முன், ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கும் முன், பத்து நிமிடம் உட்கார்ந்து காதைக் கொடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

உள்ளே என்னென்ன சுற்றுகிறது

வெளியிலிருந்து பார்க்க மிரட்டலாக இருந்தாலும் டிரையரின் உள்ளமைப்பு எளிமையானது. வாஷிங் மெஷினோடு ஒப்பிட்டால் பாகங்கள் குறைவு. நடுவில் பெரிய டிரம், நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 சுற்று சுற்றும். அடியில் ஒரு மோட்டார். டிரம்மின் வயிற்றைச் சுற்றி ஒரு நீளமான, மெல்லிய பெல்ட் ஓடி, கீழே மோட்டாரின் தண்டில் மாட்டியிருக்கும். அந்த பெல்ட் தொய்ந்துபோகாமல் இழுத்துப் பிடிப்பது ஸ்பிரிங் பூட்டிய ஒரு சின்னச் சக்கரம். அதன் பெயர் ஐட்லர் புல்லி. எங்கள் வீட்டில் இறுகிப்போனது இதுதான்.

டிரம்மின் எடையைத் தாங்குவது யார் என்பது மாடலைப் பொறுத்தது. பல மெஷின்களில் பின்பக்கம் இரண்டு ரோலர்கள் இருக்கும். சிலவற்றில் முன்பக்கமும் இரண்டு. வேறு சிலவற்றில் ரோலருக்குப் பதிலாக டிரம்மின் பின்மையத்தில் ஒரு தண்டும் அதற்கொரு பேரிங்கும் இருக்கும். முன்பக்க விளிம்பு பெரும்பாலும் பிளாஸ்டிக் சறுக்குத் துண்டுகள்மேல் வழுக்கி ஓடும். விளிம்பைச் சுற்றிக் கம்பளம் போன்ற ஃபெல்ட் பட்டை ஒன்று காற்று கசியாமல் பார்த்துக்கொள்ளும். கடைசியாக, காற்றை இழுத்துத் தள்ளுகிற புளோயர். பல மாடல்களில் மோட்டார் தண்டின் ஒரு முனை டிரம்மைச் சுற்றும், மறுமுனை புளோயரைச் சுற்றும். ஒரே மோட்டார் இரண்டு வேலையும் செய்வதால், டிரம் சுற்றாவிட்டாலும் புளோயர் ஓடுகிற சத்தம் கேட்கும்.

அவ்வளவுதான். பெல்ட், ஐட்லர் புல்லி, ரோலர் அல்லது பேரிங், சறுக்குத் துண்டு, ஃபெல்ட், புளோயர், மோட்டார். வீட்டு டிரையரில் வருகிற சத்தம் ஏறக்குறைய எல்லாமே இந்த ஏழில் ஒன்றிலிருந்துதான் வரும்.

திறப்பதற்கு முன்னால்

முதலில் துணியை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் டிரம்மை ஓடவிடுங்கள். சத்தம் போய்விட்டதா? அப்படியென்றால் குறை மெஷினில் இல்லை. ஜீன்ஸ் பட்டன், ஜிப், பெல்ட் கொக்கி இவை டிரம்மில் மோதுகிற சத்தம் அது. போர்வையும் படுக்கை விரிப்பும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு ஒரே பந்தாகிவிட்டாலும் 'தொம் தொம்' என்று விழும். துணியைப் பிரித்துப் போட்டால் சரியாகிவிடும்.

சத்தம் அப்படியே இருந்தால் மெஷினைச் சுற்றிப் பாருங்கள். மேலே வைத்த சோப்புத்தூள் டப்பா அதிர்கிறதா? முதுகு சுவரை இடிக்கிறதா? நான்கு கால்களும் தரையில் சமமாகப் படிந்திருக்கின்றனவா? மேல்மூடியின் எதிரெதிர் மூலைகளை மாறி மாறி அழுத்திப் பாருங்கள். ஆடினால் காலைத் திருகிச் சமப்படுத்துங்கள். வாஷிங் மெஷின்மேல் அடுக்கி வைத்த டிரையர் என்றால், இரண்டையும் பிணைக்கும் சட்டத்தின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். காற்று வெளியே போகிற குழாயின் முனையில் ஒரு மடிப்புத் தகடு இருக்கும். அது படபடவென்று அடித்துக்கொள்கிற சத்தத்தை மெஷினின் சத்தம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. வெளியே போய் நின்று கேட்டுவிடுங்கள்.

எல்லாச் சத்தமும் நோய் அல்ல. கேஸில் ஓடும் டிரையரில் வால்வு திறக்கும்போது ஒரு 'டிக்', நெருப்புப் பற்றும்போது ஒரு 'புஸ்' வரும். ஹீட் பம்ப் வகையில் ஃபிரிட்ஜ் போலவே ஒரு கம்ப்ரசர் இருப்பதால் ஓடும்போதெல்லாம் மெல்லிய உறுமல் இருக்கும். தண்ணீர்த் தொட்டி உள்ள மாடலில் பம்ப் அவ்வப்போது தண்ணீரை ஏற்றும் சத்தம் வரும். சில மெஷின்கள் நடுவில் நின்று எதிர்த்திசையில் சுற்றும், அந்த நேரத்தில் ஒரு சின்ன 'டக்' கேட்கும். வாங்கிய நாளிலிருந்தே இருந்த சத்தம் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. புதிதாக வந்ததைத்தான் துரத்த வேண்டும்.

கைச் சோதனை

இதை மட்டும் தவறாமல் செய்யுங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து, உள்ளே கை விட்டு டிரம்மை மெதுவாகச் சுற்றுங்கள். மோட்டார் இரைச்சல் இல்லாததால் இப்போது சின்ன உரசல்கூடத் தெளிவாகக் கேட்கும். சீரான, லேசான ஒரு பிடிப்போடு டிரம் சுற்ற வேண்டும். ஒரு பிடிப்பும் இல்லாமல் பம்பரம் மாதிரி சுழன்றால் பெல்ட் அறுந்துவிட்டது. கல்லை உருட்டுவதுபோல் கடினமாக இருந்தால் ரோலரோ பேரிங்கோ இறுகிவிட்டது.

அடுத்து, டிரம்மின் முன்விளிம்பைக் கீழிருந்து பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கொஞ்சம் அசைவு இருக்கும், அது இயல்பு. கதவு விளிம்புக்கும் டிரம்முக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் முன்பக்கச் சறுக்குத் துண்டுகளோ ஃபெல்ட்டோ தேய்ந்திருக்கின்றன.

சத்தத்துக்கு ஒரு பெயர் வையுங்கள்

நம் மொழியில் சத்தத்தைச் சொல்ல இரட்டைக்கிளவி இருப்பது இந்த வேலைக்குப் பெரிய வசதி. கடகட என்பதும் கரகர என்பதும் ஒன்றல்ல என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டிரையருக்குள்ளும் அவை ஒன்றல்ல.

தொம் தொம் என்று தாளம் தப்பாமல் இடிக்கிறதா? இதில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன், ஏனென்றால் எண்ணியே கண்டுபிடித்துவிடலாம். டிரம்மின் உள்விளிம்பில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டி அடையாளம் வையுங்கள். பிளக் பிடுங்கிய நிலையிலேயே கையால் டிரம்மை மெதுவாகச் சுற்றி, இடி எப்போது விழுகிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் டேப் அதே இடத்துக்கு வரும்போதுதான் இடி விழுகிறதா? குறை டிரம்மிலேயே இருக்கிறது. துணியைத் தூக்கிப் போடுகிற துடுப்பு ஒன்றின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், அல்லது ஃபெல்ட் ஓரிடத்தில் பிய்ந்து மடிந்திருக்கலாம். ஒரு சுற்றுக்குள்ளேயே பல தடவை இடிக்கிறதா? ரோலர். அது டிரம்மைவிடப் பல மடங்கு சிறியது, அதனால் டிரம் ஒரு சுற்று வருவதற்குள் தான் பல சுற்று சுற்றிவிடும். அதில் ஒரு பக்கம் தட்டையாகிப் போயிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடி. மூன்றாவது வகை கொஞ்சம் நுட்பமானது. சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு இடி, ஆனால் டேப்பின் இடத்தோடு ஒத்துப்போகாமல் ஒவ்வொரு தடவையும் சற்று நகர்ந்து நகர்ந்து விழும். அது பெல்ட். டிரம்மைச் சுற்றிவிட்டு மோட்டார்வரை போய்வருவதால் பெல்ட்டின் நீளம் டிரம்மின் சுற்றளவைவிட அதிகம். ஆகவே அது ஒரு முழுச் சுற்று முடிக்க டிரம்மைவிடக் கொஞ்சம் அதிக நேரமாகும். பெல்ட்டில் எங்கோ நூல் பிரிந்து தடித்திருக்கிறது என்று அர்த்தம்.

சில வாரங்கள் ஓட்டாமல் வைத்திருந்த மெஷினில் முதல் சில நிமிடம் இடி கேட்டுப் பிறகு அடங்கினால் பயப்படாதீர்கள். ஒரே இடத்தில் எடையைத் தாங்கி நின்ற ரோலர் லேசாக அமுங்கியிருக்கும், சூடேறியதும் சரியாகிவிடும்.

கிறீச் என்று கூர்மையாகக் கத்தினால் ஐட்லர் புல்லி, ரோலரின் அச்சு, பின்பக்கப் பேரிங் இந்த மூன்றில் ஒன்று. அச்சில் எண்ணெய்ப்பசை வற்றி, பஞ்சுத் தூசி புகுந்திருக்கும். ஓடத் தொடங்கும்போது மட்டும் கத்துவதும், சூடேறிய பிறகு கத்துவதும் இரண்டும் உண்டு. இரண்டையுமே தள்ளிப்போடக் கூடாது.

கடகட, சலசல என்று ஒழுங்கில்லாமல் குலுங்கினால் உள்ளே ஏதோ விழுந்திருக்கிறது அல்லது ஏதோ தளர்ந்திருக்கிறது. நாணயம், சட்டைப் பட்டன், ஹேர்பின். ஃபில்ட்டர் பொருத்துகிற பள்ளம் வழியாக இவை புளோயர் அறைக்குள் இறங்கிவிடும். ஃபில்ட்டரை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், மெஷினைத் திறக்காமலே கையில் கிடைத்துவிடலாம்.

கரகர என்று இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம்தான் அவசரமானது. முன்பக்கச் சறுக்குத் துண்டுகள் முழுதும் தேய்ந்து, டிரம்மின் விளிம்பு நேராகத் தகட்டை அறுத்துக்கொண்டிருக்கலாம். வெள்ளைத் துணியில் பழுப்பாகவோ கறுப்பாகவோ கோடு விழுந்தால் இது உறுதி. ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். இன்னும் நாலு தடவை ஓட்டினால் டிரம்மின் விளிம்பே போய்விடும், அதை மாற்றுவது சின்னச் செலவு அல்ல. பிராவின் கம்பி கழன்று டிரம்மின் துளை வழியே நீட்டிக்கொண்டிருந்தாலும் இதே சத்தம் வரும். டிரம்மின் உட்புறத்தை ஒரு பழைய துணியால் தடவிப் பார்த்தால் கம்பி துணியில் மாட்டிக்கொள்ளும்.

ஊம்ம் என்ற முனகல் மட்டும் வந்து ஒன்றும் சுற்றாவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். மோட்டார் சுற்ற முயன்று முடியாமல் சூடாகிக்கொண்டிருக்கிறது. புளோயரில் ஏதாவது சிக்கியிருக்கலாம், அல்லது மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் போயிருக்கலாம்.

பாதுகாப்பு, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்

ஸ்விட்சை அணைத்தால் போதாது. பிளக் சுவரிலிருந்து வெளியே இருக்க வேண்டும், நீங்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து அது கண்ணில் படவும் வேண்டும், யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாது. பிளக் இல்லாமல் நேரடியாக வயர் இழுத்திருந்தால் அதற்குரிய சர்க்யூட் பிரேக்கரை இறக்குங்கள். கேஸ் டிரையர் என்றால் கேஸ் வால்வையும் மூடுங்கள். மெஷினை நகர்த்தும்போது கேஸ் குழாய் மடங்கவோ இழுபடவோ கூடாது. இப்போதுதான் ஓடியது என்றால் ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

கெபாசிட்டர் உள்ள மாடல்களில் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதில் சார்ஜ் தங்கியிருக்கும். உருளையாக, இரண்டு வயர்களோடு தெரிந்தால் அதைத் தொடாமல் விடுங்கள். ஹீட் பம்ப் டிரையரில் செம்புக் குழாய்களுக்குள் குளிர்வாயு அழுத்தத்தில் இருக்கும். புது மாடல்கள் பலவற்றில் அது எளிதில் தீப்பற்றும் புரொப்பேன். அந்தக் குழாய்களை வளைக்கவோ நெருடவோ வேண்டாம். கையுறையைக் கட்டாயம் போடுங்கள். டிரையரின் உள்தகடுகளின் ஓரங்கள் மழுங்கடிக்கப்படாதவை, பிளேடு மாதிரி கிழிக்கும். வாரண்டி இன்னும் முடியவில்லை என்றால் திறக்கவே வேண்டாம், கம்பெனியைக் கூப்பிடுங்கள்.

திறப்பது

கதவின் உட்புறமோ கதவுச் சட்டத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதிலுள்ள மாடல் எண்ணை எழுதிக்கொண்டு இணையத்தில் தேடினால், பாகங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடம் பெரும்பாலும் கிடைத்துவிடும். எந்த ஸ்க்ரூ எங்கே என்பது மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் அந்தப் படம்தான் உங்கள் வழிகாட்டி. நான் சொல்வது பொதுவான வரிசை.

தேவையானவை அதிகமில்லை. நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர், தட்டை முனை ஒன்று, சின்ன பாக்ஸ் ஸ்பேனர் செட், பட்டி பார்க்கும் தகடு ஒன்று, டார்ச், வாக்குவம் கிளீனர். அப்புறம் ஃபோன். ஒவ்வொரு படியிலும் படம் எடுங்கள், குறிப்பாக வயர்கள் எந்த நிறம் எங்கே மாட்டியிருக்கிறது, பெல்ட் எந்தப் பக்கமாக வளைகிறது என்பவற்றை. கழற்றிய ஸ்க்ரூக்களைக் கிண்ணம் கிண்ணமாகப் பிரித்து வைத்து, எந்த இடத்து ஸ்க்ரூ என்று சீட்டு எழுதிப் போடுங்கள்.

ஃபில்ட்டர் மேல்மூடியில் இருக்கிற மாடல் என்றால், ஃபில்ட்டரை உருவியதும் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் இரண்டு ஸ்க்ரூ தெரியும். அவற்றைக் கழற்றிவிட்டு, மேல்மூடிக்கும் முன்தகட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் பட்டித் தகட்டைச் செருகி, மூலைக்குச் சற்று உள்ளே தள்ளி நெம்புங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கிளிப் விடுபடும். மூடி கார் பானெட் போல மேலே எழும், சுவரில் சாய்த்து வைக்கலாம். ஃபில்ட்டர் கதவுப் பக்கம் இருக்கிற மாடலில் மேல்மூடியின் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் மெஷினின் முதுகில் இருக்கும். கழற்றிவிட்டு மூடியைப் பின்னால் தள்ளினால் வந்துவிடும்.

அடுத்தது முன்தகடு. உள்பக்கமாக மேல்மூலைகளில் ஆளுக்கொரு ஸ்க்ரூ. கதவு ஸ்விட்சுக்குப் போகும் வயரின் இணைப்பைக் கழற்றுங்கள், வயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் முனையைப் பிடித்து இழுக்க வேண்டும். இந்த இடத்தில் உதவிக்கு ஒருவர் கூட இருப்பது நல்லது. பல மாடல்களில் டிரம்மின் முன்பாதியைத் தாங்குவதே இந்தத் தகடுதான். அதை எடுத்ததும் டிரம் முன்னால் சரியும். ஒருவர் டிரம்மைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் தகட்டை லேசாகத் தூக்கி எடுக்கட்டும்.

இப்போது பெல்ட். டிரம்முக்கு அடியில் கை விட்டு, ஐட்லர் புல்லியை ஸ்பிரிங்குக்கு எதிராகத் தள்ளுங்கள். பெல்ட் தொய்யும், மோட்டார் தண்டிலிருந்து கழன்றுவிடும். கழற்றுவதற்கு முன் அது எப்படி வளைந்து போகிறது என்று படம் எடுத்துவிட்டீர்கள்தானே? சரி. இனி பெல்ட்டையே கைப்பிடி மாதிரி பிடித்து டிரம்மை முன்பக்கமாக வெளியே எடுத்துவிடலாம். பின்மையத்தில் தண்டு உள்ள மாடலில் டிரம்மைக் கொஞ்சம் தூக்கினால்தான் தண்டு விடுபடும்.

முதலில் தூசி

டிரம் வெளியே வந்ததும் உள்ளே பார்த்து அதிர்ந்துபோவீர்கள். சாம்பல் நிறத்தில், மோட்டார்மேலும் தரைத்தட்டிலும் மெத்தை விரித்தது மாதிரி பஞ்சுத் தூசி. வேறு எதையும் தொடுவதற்கு முன் எல்லாவற்றையும் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். மோட்டாரின் காற்றுத் துளைகள், ஹீட்டர் பெட்டியைச் சுற்றி, கேஸ் மாடலில் பர்னர் குழாயின் முனை, எதையும் விடாதீர்கள். சத்தத்துக்காகத் திறந்தாலும் இந்த ஒரு வேலைக்காகவே திறந்தது லாபம். இந்தத் தூசி சட்டென்று பற்றிக்கொள்ளும். 2008 முதல் 2010 வரையிலான வீட்டுத் தீ விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம், டிரையரால் வந்த தீக்கு முதல் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டதுதான் என்று சொல்கிறது.

ஒவ்வொன்றாகச் சோதிப்பது

ஐட்லர் புல்லியை விரலால் சுண்டிவிடுங்கள். சத்தமில்லாமல் சுழன்று, தானாக நிற்க வேண்டும். கறகற என்று இழுத்தாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ மாற்றிவிடுங்கள். எங்கள் வீட்டுப் புல்லியை நான் கையில் எடுத்தபோது அதன் நடுத்துளை வட்டமாகவே இல்லை. ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவமாகி, உள்ளே தூசியும் பழைய எண்ணெயும் சேர்ந்து தார் போல் கெட்டிப்பட்டிருந்தது. அச்சுத் தண்டிலும் விரல்நகம் தட்டுகிற அளவுக்குப் பள்ளம். அப்படித் தண்டும் தேய்ந்திருந்தால் புல்லியை மட்டும் மாற்றிப் பயனில்லை, அதைத் தாங்கும் கையோடு சேர்த்து வாங்குங்கள்.

ரோலர்களையும் அப்படியே சுழற்றிப் பாருங்கள். ரப்பர் பரப்பை விரலால் தடவினால் தட்டையான இடமும் வெடிப்பும் தெரியும். ரோலரைப் பிடித்து நிறுத்தும் கிளிப்பைத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் கழன்றுவரும். தெறித்துப் போய்விடும், இன்னொரு கையால் மூடிக்கொண்டு நெம்புங்கள். தண்டைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுப் புது ரோலரை மாட்டுங்கள். வாஷர்கள் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் திரும்பப் போக வேண்டும். ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் எல்லா ரோலர்களையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஒரே வயதுடையவை, மற்றதும் சீக்கிரம் போகும், அதற்காக இன்னொரு தடவை டிரம்மைத் தூக்குவானேன்?

இங்கே ஒரு எச்சரிக்கை. துருவைத் தளர்த்தும் ஸ்ப்ரேயை அடித்தால் கிறீச் உடனே நின்றுவிடும், அதனால் எல்லோருக்கும் ஆசை வரும். தயவுசெய்து அடிக்காதீர்கள். சூட்டில் அந்த எண்ணெய் சில நாளில் காய்ந்துபோகும், எஞ்சிய பசையில் பஞ்சுத் தூசி அப்பிக்கொள்ளும், சத்தம் முன்னைவிட மோசமாகத் திரும்பிவரும். பெல்ட்டில் பட்டால் வழுக்கும். விதிவிலக்கு பின்மையப் பேரிங் மட்டும். அதற்குச் சூடு தாங்கும் கிரீஸ் கேட்கும் மாடல்கள் உண்டு, பெரும்பாலும் புதுப் பேரிங் செட்டோடு அதுவும் சேர்ந்தே வரும்.

பெல்ட்டை முழுநீளமும் கையில் ஓட்டிப் பாருங்கள். வெடிப்பு, ஓரத்தில் பிரிந்த நூல், கண்ணாடி மாதிரி பளபளப்பு, இவற்றில் எது தெரிந்தாலும் புதிது போடுங்கள். மெஷின் ஐந்தாறு வருடம் ஓடியது என்றால் நல்லதாகத் தெரிந்தாலும் நான் மாற்றிவிடுவேன்.

முன்பக்கச் சறுக்குத் துண்டுகள் காகிதம் போல் மெலிந்திருந்தால் மாற்ற வேண்டியவை. வழக்கமாக அழுத்தி மாட்டும் வகை அல்லது சின்ன ரிவெட் வகை. ஃபெல்ட்டை மாற்றுவது பொறுமை கேட்கும் வேலை. பழைய பசையைச் சுரண்டி எடுத்து, அதற்கென்று விற்கும் சூடு தாங்கும் பசையைத் தடவி ஒட்டி, பசைக் குழாயில் சொன்ன நேரம்வரை காயவிட வேண்டும். அவசரப்பட்டு ஓட்டினால் ஃபெல்ட் சுருண்டு வந்துவிடும்.

புளோயருக்கு வருவோம். உறையைக் கழற்றிச் சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பாருங்கள். தண்டு நிற்கச் சக்கரம் மட்டும் ஆடினால் அதன் நடுத்துளை தேய்ந்துவிட்டது, மாற்றுவதுதான் வழி. இறகு ஏதாவது உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கழற்றும்போது கவனம், சில மாடல்களில் மரை எதிர்த்திசையில் இருக்கும். வராத பக்கம் பலம் கொடுத்துத் திருகினால் பிளாஸ்டிக் உடையும். உறையின் அடியில் விரலால் துழாவுங்கள். நான் ஒரு தடவை துழாவியபோது பஞ்சுக்குள் புதைந்து ஒரு நாணயம் கிடைத்தது. புளோயரில் அடிபட்டு அடிபட்டு அதன் விளிம்பு முழுதும் மழுங்கி, வெள்ளி மாதிரி பளபளத்தது. எத்தனை நாள் உள்ளே சுற்றியதோ.

மோட்டார் கடைசி. பெல்ட் மாட்டாத நிலையில் அதன் தண்டைக் கையால் சுற்றினால் சுலபமாகச் சுற்ற வேண்டும். கரடுமுரடாக இழுத்தால் மோட்டாரின் சொந்தப் பேரிங் போய்விட்டது. அதை மாற்றுவது பழக்கமுள்ளவர் செய்ய வேண்டிய வேலை. மெஷினின் வயதைப் பார்த்து, மாற்றுவதா புதிது வாங்குவதா என்று அங்கேயே முடிவெடுங்கள்.

திரும்பப் பூட்டுவது

டிரம்மை உள்ளே வைத்து, பின்விளிம்பு ரோலர்கள்மேல் உட்கார்ந்துவிட்டதா என்று பாருங்கள். பெல்ட்டின் வரிவரியான பக்கம் டிரம்மைத் தொட வேண்டும், வழவழப்பான பக்கம் வெளியே. பழைய பெல்ட் ஓடிய தடம் டிரம்மில் கோடாகத் தெரியும், அதன்மேலேயே போடுங்கள். புல்லியைத் தள்ளி, பெல்ட்டை வளைத்து மோட்டார் தண்டில் மாட்டி, புல்லியை விடுங்கள். படுத்துக்கொண்டு ஒரு கையால் செய்ய வேண்டிய வேலை, முதல் தடவை பத்து நிமிடம்கூட ஆகும். எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முன்தகட்டை மாட்டுவதற்கு முன் டிரம்மைக் கையால் இரண்டு மூன்று சுற்று சுற்றி, பெல்ட் தன் தடத்தில் நேராக உட்காரவிடுங்கள். எந்த வயரும் டிரம்மையோ பெல்ட்டையோ தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. தகட்டை மாட்டும்போது ஃபெல்ட் மடங்கி உள்ளே சிக்கிக்கொள்வதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. விளிம்பைச் சுற்றி விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்துவிடுங்கள். கதவு ஸ்விட்ச் வயரை மறக்காதீர்கள், அதை விட்டுவிட்டால் மெஷின் ஓடவே ஓடாது. கேஸ் மாடலில் வால்வைத் திறந்ததும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு, உடனே மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் முடிந்து ஸ்க்ரூ ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், வெறும் டிரம்மோடு பத்து நிமிடம் ஓட்டுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். புது பெல்ட் முதலில் லேசாக ரப்பர் வாடை அடிக்கும். புகையோ கருகல் வாடையோ வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரும்பத் திறங்கள். சத்தமில்லை என்றால் ஈரத் துணி போட்டு, அது காயும்வரை ஓட்டிப் பாருங்கள். எடை ஏறினால்தான் சில குறைகள் வெளியே வரும்.

வயர் கருகியிருந்தாலோ, கேஸ் பாகத்தில் குறை தெரிந்தாலோ, ஹீட் பம்பின் கம்ப்ரசரே சத்தம் போட்டாலோ அத்தோடு நிறுத்திவிட்டுத் தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். நீங்கள் கேட்டு எழுதி வைத்த சத்தத்தின் விவரம் அவருக்கும் பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

இனி வராமல் இருக்க

பாக்கெட்டைத் துழாவிவிட்டுத் துணி போடுங்கள். ஜிப்பை மூடிவிடுங்கள். கம்பி வைத்த உள்ளாடைகளை வலைப்பையில் போடுங்கள். அளவுக்கு மீறித் திணித்தால் ரோலரும் பெல்ட்டும்தான் அந்த எடையைச் சுமக்கும். ஃபில்ட்டரை ஒவ்வொரு முறையும், வெளியே போகும் காற்றுக் குழாயை வருடத்துக்கு ஒரு முறையாவது சுத்தம் செய்யுங்கள். அந்தக் குழாய் மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக்காகவோ மெல்லிய ஃபாயிலாகவோ இருந்தால், உள்ளே வழவழப்பான உலோகக் குழாயாக மாற்றிவிடுங்கள். மடிப்புகளில்தான் தூசி தங்கும்.

மூடியைக் கடைசியாக அடைப்பதற்கு முன் இன்னொரு காரியம். ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் இன்றைய தேதியையும், என்னென்ன மாற்றினீர்கள், அவற்றின் பார்ட் எண் என்ன என்பதையும் எழுதி, சூடு படாத இடமாகப் பார்த்து முன்தகட்டின் உட்புறக் கீழ்மூலையில் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை திறப்பவர் நீங்களோ வேறு யாரோ, முதலில் தேடப்போவது அதைத்தான்.